மூச்சைக் காப்பாற்றினோம், நுரையீரலை வளர்த்தோமா?

ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தை, இரண்டு மூன்று மாதங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீடு திரும்பும்போது மருத்துவமனையும் குடும்பமும் அதை வெற்றியாகக் கொண்டாடுகின்றன. வெற்றிதான், சந்தேகமில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு இப்படிப்பட்ட குழந்தை பிழைப்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. ஆனால், அந்த வெற்றியை உயிர் பிழைத்ததா, இல்லையா என்ற ஒற்றைக் கணக்கில் மட்டுமே நாம் எழுதிவைக்கிறோம். பிழைத்த குழந்தையின் நுரையீரல் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

மிக முன்கூட்டியே பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு ‘பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா’ என்று பெயர். மருத்துவர்களும் செவிலியர்களும் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். இயந்திரமும் ஆக்ஸிஜனும் உண்டாக்கிய காயம் என்றே இந்த நோய் நெடுங்காலம் கருதப்பட்டது. கடந்த 25 ஆண்டு ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன: வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் தக்க நேரத்தில், தக்க அளவில் கிடைக்காமல் நுரையீரல் பாதியில் வளர்வதை நிறுத்திக்கொள்வதுதான் இந்த நோயின் மையம். புரிதல் இப்படி மாறிவிட்டது. நம்முடைய சிகிச்சை முன்னுரிமைகளும் கணக்கெடுப்பும் இன்னும் மாறவில்லை.

இயந்திரக் காலத்தின் நோய்

1959-இல் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள், மூச்சுத்திணறி இறக்கும் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதுமான அளவு இல்லை என்று கண்டறிந்தார்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் காற்று நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரிந்தது, மருந்துதான் இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் சுமார் ஐந்தரை வாரங்கள் முன்கூட்டியே பிறந்து, 39 மணி நேரத்தில் இதே நோயால் இறந்தான். உலகின் மிகச் செல்வாக்கு மிக்க குடும்பத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று அந்தப் பருவத்தில் பிறக்கும் குழந்தை நம் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே பெரும்பாலும் பிழைத்துவிடும்.

அடுத்த சில ஆண்டுகளில் வென்டிலேட்டர்கள் வந்தன. குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். கூடவே புதிய நோயும் வந்தது. 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கதிரியக்க மருத்துவர் வில்லியம் நார்த்வேயும் சகாக்களும் 32 குழந்தைகளை ஆராய்ந்து, அதிக ஆக்ஸிஜனுடன் நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் நுரையீரலில் தழும்பும் வீக்கமும் இருப்பதைப் பதிவுசெய்தார்கள். பி.பி.டி. என்ற பெயரைக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

பின்னர் ஒவ்வொன்றாகத் தீர்வுகள் வந்தன. 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமாகும் என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து அதன் பலனை நிரூபித்தார். இயந்திரங்களும் மென்மையாயின. நோய் இயந்திரத்தால் மட்டுமே வந்ததென்றால் இத்துடன் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. அதைவிடச் சிறிய குழந்தைகளிடம், வேறொரு முகத்தோடு வந்து நின்றது.

1990-களின் இறுதியில் ஆலன் ஜோப் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் ‘புதிய பி.பி.டி.’ என்று அழைத்தார். நார்த்வே பார்த்த குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டியவர்கள். புதிய நோயாளிகள் 24 முதல் 28 வாரங்களில் பிறந்தவர்கள். இவர்கள் நுரையீரலில் தழும்பு அதிகமில்லை. நுண்ணறைகள் எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் பெரிதாகவும் இருந்தன. அவற்றைச் சுற்றி ஓட வேண்டிய நுண்ணிய ரத்த நாளங்களும் குறைவு. சேதப்பட்ட கட்டடம் என்பதைவிட, வேலை பாதியில் நின்ற கட்டடம் என்பதே பொருத்தம்.

வாரக் கணக்கில் வளரும் உறுப்பு

‘ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தால் தங்காது’ என்று நம் ஊர்களில் இன்றும் சொல்வார்கள். நுரையீரலைக் கேட்டால் இதற்கு நேர்மாறாகச் சொல்லும். கருவறையில் கிடைக்கும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் அதற்கு லாபம்தான். கர்ப்பத்தின் 16-ஆவது வாரத்துக்குள் மூச்சுக்குழாயின் கிளைகள் பெரும்பாலும் உருவாகிவிடும். 26-ஆவது வாரம் வரை அவற்றின் நுனிகளை ரத்த நாளங்கள் நெருங்கி வருகின்றன. பிறகு அந்த நுனிகள் மெல்லிய பைகளாக விரிகின்றன. 36-ஆவது வாரத்தை ஒட்டித்தான் உண்மையான நுண்ணறைகள் பெருமளவில் உருவாகத் தொடங்கும். அந்த வேலை பிறந்த பிறகும் சில ஆண்டுகள் தொடரும். வளர்ந்த மனிதரின் நுரையீரலில் இருக்கும் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகு உருவானவையே.

25-ஆவது வாரத்தில் பிறக்கும் குழந்தை, நுண்ணறையே இல்லாத நுரையீரலைக் கொண்டு மூச்சுவிட வேண்டியிருக்கிறது. மூச்சுவிடும் அதே நேரத்தில் அந்த உறுப்பு வளரவும் வேண்டும். இந்த இரட்டைச் சுமைதான் சிக்கல்.

எந்தச் செல் எங்கே போக வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைகளை வளர்ச்சிக் காரணிகள் கொண்டுசெல்கின்றன. எஃப்.ஜி.எஃப்-10 என்ற காரணி இல்லாமல் உருவாக்கப்பட்ட ஆய்வக எலிகளுக்கு நுரையீரலே வளரவில்லை. பி.டி.ஜி.எஃப்-ஏ இல்லாத எலிகளுக்கு நுரையீரல் வந்தது. ஆனால், பைகளைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் தடுப்புச்சுவர்கள் எழவில்லை. டி.ஜி.எஃப்-பீட்டா என்ற காரணியோ பிறந்தவுடன் அளவுக்கு மீறிச் சுரந்தால் தழும்புக்கும் வளர்ச்சித் தடைக்கும் வழிவகுக்கிறது. எது கூடலாம், எது குறையலாம் என்பதைவிட எது எப்போது என்பதே இங்கு முக்கியம்.

ரத்த நாளம் முன்னே, நுண்ணறை பின்னே

இந்தக் காரணிகளில் அதிகம் பேசப்படுவது வி.இ.ஜி.எஃப். ரத்த நாளங்களை முளைக்கவைக்கும் காரணி இது. நுண்ணறைகள் முதலில் உருவாகும், ரத்த நாளங்கள் அவற்றைத் தேடி வரும் என்றே முன்பு நம்பினார்கள். 2001-இல் கொலராடோவைச் சேர்ந்த ஸ்டீவன் ஆப்மன் அதைத் திருப்பிப் போட்டார்: ரத்த நாளங்கள் வளர்ந்தால்தான் நுண்ணறைகளும் வளரும். பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு வி.இ.ஜி.எஃப். வேலை செய்யும் வாசலை மருந்தால் அடைத்தபோது, வென்டிலேட்டரும் கூடுதல் ஆக்ஸிஜனும் இல்லாமலேயே அவற்றின் நுண்ணறைகள் வளராமல் நின்றன. பி.பி.டி.யால் இறந்த குழந்தைகளின் நுரையீரலிலும் இந்தக் காரணி குறைந்திருப்பது தெரியவந்தது.

இந்தப் பார்வை சில பழைய புதிர்களை அவிழ்த்தது. கரு மிகக் குறைந்த ஆக்ஸிஜனில்தான் வளர்கிறது. ரத்த நாளங்களை வளர்க்கச் சொல்லும் சமிக்ஞையே அந்தக் குறைவுதான். 25 வாரக் குழந்தைக்கு நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே, அதன் பருவத்துக்கு மிஞ்சிய ஆக்ஸிஜன். அதற்கும் மேலே கொடுத்தால் வி.இ.ஜி.எஃப். இன்னும் அடங்கிவிடும். ஆக்ஸிஜன் காயப்படுத்துவதோடு வளர்ச்சிக் கட்டளையையும் நிறுத்திவிடுகிறது.

இன்னொரு புதிர்: கர்ப்பகால ரத்த அழுத்த நோய் முற்றிய தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பல ஆய்வுகளில் பி.பி.டி. அதிகம் காணப்பட்டது ஏன்? இந்த நோயில் நஞ்சுக்கொடி, வி.இ.ஜி.எஃப்-ஐப் பிடித்து முடக்கும் ஒரு புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. கருவுற்ற எலிகளின் பனிக்குட நீரில் அந்தப் புரதத்தைச் செலுத்தியபோது குட்டிகளின் நுரையீரல் வளர்ச்சி குன்றியது. அதாவது, சில குழந்தைகளுக்கு நுரையீரல் நோய் மருத்துவமனையில் தொடங்குவதே இல்லை. தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் சிறிய அளவில் ஆஸ்பிரின் தருவதும் குழந்தையின் மூச்சோடும் தொடர்புடைய வேலைகள்.

அப்படியானால் வி.இ.ஜி.எஃப்-ஐ ஊசியாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கண்ணைப் பார்த்தால் அந்த அவசரம் அடங்கிவிடும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இதே காரணி பின்னாளில் மிஞ்சிச் சுரந்து, தாறுமாறாக ரத்த நாளங்களை முளைக்கவைத்துப் பார்வையைப் பறிக்கிறது. ஆர்.ஓ.பி. எனப்படும் அந்த நோய்க்கு, வி.இ.ஜி.எஃப்-ஐ முடக்கும் பெவாசிசுமாப் மருந்தைக் கண்ணில் செலுத்துகிறார்கள். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதன் பலனைக் காட்டியது. கண்ணில் போட்ட மருந்து ரத்தத்திலும் கலந்து, உடல் முழுவதும் அந்தக் காரணியைப் பல வாரங்களுக்குக் குறைக்கக்கூடும். நுரையீரலுக்கு உயிரான பொருள் கண்ணுக்குப் பகை. ஒரே குழந்தை, ஒரே வாரம், இரண்டு உறுப்புகளின் எதிரெதிர்த் தேவைகள். வளர்ச்சிக் காரணியை மருந்தாக்குவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

தாயிடமிருந்து வந்துகொண்டிருந்தது

இன்று அதிக நம்பிக்கை தரும் காரணி, ஐ.ஜி.எஃப்-1. இன்சுலினைப் போன்ற அமைப்புடைய இது, கருவின் ஒட்டுமொத்த வளர்ச்சியையும் நடத்துகிறது. கடைசி மூன்று மாதங்களில் கருவின் ரத்தத்தில் இதன் அளவு ஏறிக்கொண்டே போகும். முன்கூட்டியே பிறந்தால், தாயோடும் நஞ்சுக்கொடியோடும் இருந்த தொடர்பு அறுந்து, ஐ.ஜி.எஃப்-1 சட்டென்று சரிந்துவிடும். குழந்தையின் கல்லீரல் தானாகச் சுரந்து ஈடுகட்டப் பல வாரங்கள் ஆகும். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆன் ஹெல்ஸ்ட்ரோம் குழுவினர், இந்தச் சரிவு நீடிக்கும் குழந்தைகளுக்கு ஆர்.ஓ.பி. அதிகம் வருவதை 2000-களின் தொடக்கத்தில் காட்டினார்கள்.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? 28 வாரங்களுக்கு முன் பிறந்த 121 குழந்தைகளிடம், ஐ.ஜி.எஃப்-1-ஐ அதைத் தாங்கும் புரதத்தோடு சேர்த்து ரத்தத்தில் தொடர்ச்சியாகச் செலுத்தி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓர் ஆய்வு நடந்தது. 2019-இல் முடிவு வெளியானது. ஆய்வின் முதல் நோக்கமான கண் பாதுகாப்பில் பலன் இல்லை. ஆனால், எதிர்பாராத இடத்தில் ஒரு வேறுபாடு தெரிந்தது: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தீவிர பி.பி.டி. சுமார் 45%, மருந்து பெற்றவர்களில் சுமார் 21%.

உற்சாகம் வருவது இயல்பு. நிதானமும் வேண்டும். ஆய்வு சிறியது, நுரையீரல் அதன் துணை நோக்கங்களில் ஒன்றுதான். அப்படிக் கிடைக்கும் முடிவை, நுரையீரலையே இலக்காக வைத்த ஆய்வு உறுதிசெய்யும்வரை நம்பிக்கை என்று சொல்லலாம்; சிகிச்சை என்று சொல்லக் கூடாது. இந்தத் துறை இதற்கு முன்பும் சூடுபட்டிருக்கிறது. 1990-களில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தாராளமாகக் கொடுக்கப்பட்டது. வென்டிலேட்டரிலிருந்து அவர்கள் விரைவில் விடுபட்டார்கள். ஆனால், பிற்பாடு பெருமூளை வாதம் அதிகரிப்பது தெரிந்து, 2002-இல் அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவ அமைப்புகள் எச்சரிக்கை விடுத்தன. தென்கொரியத் தலைநகர் சோலில் ஒன்பது குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் செலுத்திய முதல்கட்ட ஆய்வு 2014-இல் பெரும் ஆர்வத்தைக் கிளப்பியது. அதே குழு 66 குழந்தைகளிடம் நடத்திய அடுத்த ஆய்வில், மரணத்தையும் நடுத்தர, கடுமையான பி.பி.டி.யையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

ஆகவே, முறையான ஆய்வுக்கு வெளியே வளர்ச்சிக் காரணி என்றோ ஸ்டெம் செல் என்றோ பெற்றோரிடம் நம்பிக்கையை யாரும் விலைபேசக் கூடாது. நகையை அடகு வைத்துக் குழந்தையைக் காப்பாற்றத் துடிக்கும் குடும்பம் எதையும் நம்பும் நிலையில் இருக்கும். கட்டுப்பாட்டு அமைப்புகள் இதில் விழிப்போடு இருக்க வேண்டும்.

கையில் இருப்பவை

புதிய மருந்து வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நோய் என்பது வளர்ச்சி தடைப்படுவது என்றால், வளர்ச்சியைக் காக்கும் எதுவும் மருந்துதான். அவற்றில் பல மலிவானவை; பெரிய ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்டவை.

முதலாவது, பிரசவத்துக்கு முந்தைய ஸ்டீராய்டு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,852 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்தி, 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 28 நாள்களுக்குள் நேர்ந்த குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ஒரு நிபந்தனை உண்டு: கர்ப்ப வாரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், பிறக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி இருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கப்படும் ஸ்கேன் இதற்காகவும் அவசியம். குறைப்பிரசவ அறிகுறி தெரிந்தால், பிறந்த பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது நல்லது. கருவறையைவிடப் பாதுகாப்பான இன்குபேட்டர் கிடையாது.

இரண்டாவது, ஆக்ஸிஜனை அளந்து கொடுப்பது. மூக்கின் வழியே காற்றழுத்தம் தரும் சி-பேப் கருவியைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால் பல குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் தேவைப்படாது. ஆக்ஸிஜனையும் காற்றையும் தேவையான விகிதத்தில் கலக்கும் கருவி, ரத்த ஆக்ஸிஜனை இடைவிடாமல் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கப் போதுமான செவிலியர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். அளவு மிகக் குறைந்தாலும் ஆபத்து: 2010-க்குப் பிந்தைய பெரிய ஆய்வுகளில், 85 முதல் 89% என்ற இலக்கில் வைக்கப்பட்ட குழந்தைகளிடம் மரணம் அதிகமாக இருந்தது, 91 முதல் 95% வைக்கப்பட்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள். இந்த நூல் மேல் நடையை, ஒரு செவிலியர் பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிரிவில் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, காஃபின். நாம் குடிக்கும் காபியில் இருக்கும் அதே பொருள்தான். குறைமாதக் குழந்தைகள் மூச்சை மறக்காமல் இருக்கத் தரப்படும் மருந்து. 2006-இல் வெளியான ஆய்வில் 2,006 குழந்தைகள் பங்கேற்றார்கள். பி.பி.டி. சுமார் 47 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைந்தது. இவ்வளவு எளிய மருந்துக்கு இவ்வளவு பலன் இத்துறையில் அபூர்வம்.

நான்காவது, தாய்ப்பாலும் தாயின் மார்பும். ஐ.ஜி.எஃப்-1 ஊட்டத்தைச் சார்ந்தது. பட்டினி கிடக்கும் குழந்தையிடம் அது ஏறாது. தாய்ப்பாலில், குறிப்பாகச் சீம்பாலில், வளர்ச்சிக் காரணிகள் பல உள்ளன. தாய்ப்பால் அதிகம் பெற்ற குறைமாதக் குழந்தைகளிடம் பி.பி.டி. குறைவு என்று பல அவதானிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. தாய்ப்பால் வங்கிகள் இதில் பெரிய துணை. இருந்தாலும், பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கும்போது சில காரணிகள் குறைந்துவிடுவதால், பெற்ற தாயின் பாலுக்கே முதலிடம் தர வேண்டும். அதற்கு அந்தத் தாய் பிள்ளையின் அருகில் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும். 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்றது. குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்துவைத்ததில் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. பார்வை நேரம் முடிந்தது என்று தாயை வெளியே அனுப்பும் வழக்கம் எங்கெல்லாம் மிச்சமிருக்கிறதோ, அங்கெல்லாம் அதை நிறுத்த இந்த ஒரு முடிவு போதும்.

வீட்டுக்குப் போன பிறகு

நுண்ணறைகள் பிறந்த பிறகும் வளர்கின்றன என்பது நல்ல செய்தி. அந்த வளர்ச்சியை வீட்டில் யார் காப்பது என்பதுதான் கேள்வி. பி.பி.டி. இருந்த குழந்தைக்குச் சாதாரணச் சளிகூட மருத்துவமனை வரை கொண்டுபோகும். சிலருக்கு நுரையீரல் ரத்த நாளங்களில் அழுத்தம் கூடி இதயத்தின் வலப்பக்கம் திணறும். பள்ளி வயதில் ஓடும்போது இளைக்கும். பலருக்கு ஆஸ்துமா என்ற பெயரில் மருந்து தரப்படும். பெரியவர்களான பிறகும் இவர்களின் மூச்சுத்திறன் சராசரியாகக் குறைவாகவே இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் இருந்தால் பாதி வளர்ந்த நுரையீரல் என்ன செய்யும்? தடுப்பூசி அட்டவணை தவறாமை, புகையில்லா வீடு, முறையான எடை ஏற்றம் ஆகியவைதான் இந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் தரக்கூடிய சிகிச்சை.

உலகில் 2020-இல் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் மதிப்பீடு. அதில் இந்தியாவின் பங்கு சுமார் 30 லட்சம், உலகிலேயே அதிகம். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் 30 குறைபாடுகள் கொண்ட பட்டியலில் ஆர்.ஓ.பி. இருக்கிறது. அதனால்தான் குறைமாதக் குழந்தையின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணம் மாவட்டங்கள் வரை பரவியது. மூச்சுக்குழல் சுருங்கும் நோயும் பட்டியலில் உண்டு. ஆனால், பி.பி.டி. தனிப்பெயரோடு இல்லை. பெயர் இல்லாத நோய்க்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாததற்கு நிதியும் இல்லை.

கண்ணுக்குச் செய்ததை நுரையீரலுக்கும் செய்வது பெரிய காரியமல்ல. தாயின் கர்ப்பக் கணக்குப்படி 36-ஆவது வாரத்தில் குழந்தைக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டதா என்பதே உலகெங்கும் பி.பி.டி.யைக் கணிக்கப் பயன்படும் கேள்வி. ஒவ்வொரு சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவின் டிஸ்சார்ஜ் அட்டையிலும் அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கலாம். ஆம் என்ற பதில் உள்ள குழந்தைகளை மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள் பள்ளி வயது வரை பின்தொடரலாம். ஐந்தாறு வயதில் ஒருமுறை ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் சோதனை செய்யலாம். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு இயந்திரமோ தேவையில்லை.

இந்தக் கணக்கு இல்லாவிட்டால் இரண்டு நஷ்டங்கள். எந்த மருத்துவமனையில் இந்த நோய் குறைகிறது, எங்கே கூடுகிறது என்று தெரியாததால், நன்றாகச் செய்பவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்க முடியாது. அடுத்தது, ஐ.ஜி.எஃப்-1 போன்ற மருந்து நாளை நிரூபிக்கப்பட்டு வந்தால், அது நிச்சயம் விலை உயர்ந்ததாகவே இருக்கும். எத்தனை குழந்தைகளுக்கு வேண்டும், எந்த விலைக்கு வாங்கலாம் என்று பேரம் பேச, கையில் எண் இல்லாத அரசால் முடியாது. மருந்தைக் கண்டுபிடிப்பது ஆய்வகங்களின் கையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் அட்டையில் ஒரு வரியைச் சேர்ப்பது நம் சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. அதற்கு ஓர் அரசாணை போதும்.